பேறுகாலத்துக்கு அடுக்கிய விறகு

தங்கையைப் பிள்ளைப்பேற்றுக்கு என் வீட்டுக்கே அழைத்து வருவது என்று முடிவானதும், மற்றவர்கள் தொட்டிலுக்குக் கயிறு உண்டா, மருந்துக்குச் சுக்கு உண்டா என்று பார்த்தார்கள். நான் விறகைத் தேடி அலைந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவளுக்கு ஈளை. பச்சை விறகின் புகை ஒரு வாய் உள்ளே போனால் போதும், நெஞ்சு கீச்கீச்சென்று இழுக்க ஆரம்பித்துவிடும். கழுத்துக்குழியில் தோல் உள்வாங்கும். கண் இரண்டும் என்னையே பார்க்கும். அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது, எனக்குப் பதினொன்று. அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்தே நான் பெரியவளானேன். பிரசவ நேரத்தில் அந்த இழுப்பு வந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் வாக்கப்பட்டது வடகரையில். நாங்கள் இருந்தது மேலகரத்தில். பேறு ஆனியில். ஆனி என்றால் எங்களுக்குச் சாரல். வெளியூர்க்காரர்கள் குற்றாலத்து அருவிக்குத் தலையைக் கொடுக்க வண்டி வண்டியாக வந்து இறங்குகிற மாதம். அவர்களுக்கு அது சீசன். அடுப்படியில் நிற்கிறவளுக்கு அது ஈர விறகு, ஈரத் துணி, நமத்துப்போன தீப்பெட்டி. போதாததற்கு அப்போது யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பற்றவைக்கலாம் என்றால் விளக்குக்கே எண்ணெய் கிடையாது. தென்காசி விறகுக்கடைகளில் காய்ந்த விறகெல்லாம் சீசன் பங்களாக்களுக்குப் போய்விடும். மிச்சம் சொட்டச் சொட்ட இருப்பதுதான் நமக்கு.

தங்கையின் மாமியார் நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"தாயில்லாப் புள்ளையாச்சேன்னு அக்கா வீட்டுக்கு அனுப்புதேன். ஆனா ஒண்ணு. அங்கன அவளுக்கு மூச்சு முட்டுச்சுன்னு எங்காதுல விழுந்துச்சு, பச்சப்புள்ளையோட வண்டி கட்டிக் கூட்டியாந்துருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வைக்கக் கூடாது, ஆமா."

"சரி அத்தை" என்றேன். உள்ளுக்குள் எனக்கு எரிந்தது. நான் வளர்த்தவளுக்கு என்னிடமே நிபந்தனையா? மூன்றாம் மாதம் முடியாமல் தாயையும் பிள்ளையையும் வாசல் தாண்ட விடுவதில்லை என்று அங்கேயே மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மடியில் ஒன்றும் தங்கவில்லை. அந்த மூன்று மாதம் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

அதனால் மாசியிலேயே ஆரம்பித்துவிட்டேன். இலஞ்சி ரோட்டில் காற்றுக்குச் சாய்ந்து கிடந்த புளியமரத்தில் ஒரு வண்டி வாங்கிப் போட்டோம். பெரிய பானையில் வெந்நீர் போடப் புளியை மிஞ்சி ஒரு விறகில்லை. தணல் நின்று எரியும். ஆனால் பச்சைப் புளியைப் பிளப்பது லேசுப்பட்ட வேலையா? விறகு வெட்ட வந்தவர் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார்.

"முறுக்கு மரம் யக்கா. கோடாலி உள்ள போனா வெளிய வர மாட்டேங்கு" என்று சொல்லிச் சொல்லி உள்ளங்கையில் துப்பிக்கொண்டார்.

பிளந்ததைக் கொல்லையின் மேற்கு மூலையில் இரண்டு கல்லைப் போட்டு அதன்மேல் அடுக்கினார். ஒரு வரிசை நெட்டுக்கு, ஒரு வரிசை குறுக்குக்கு. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே கை நுழைகிற சந்து. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நேரே வந்து அதற்குள் புகுந்து புறப்பட்டுப் போகும்படி.

"தலைக்கு மட்டும் நாலு கிடுகு போடுங்க" என்றார். கிடுகு என்றால் முடைந்த தென்னோலை. "பக்கத்த மூடிராதீய. சாரல்ல மேலு நனைஞ்சா நனையட்டும், இந்தக் காத்து ஒரு பகல்ல உறிஞ்சிரும். உள்ள கெடக்குற பச்சைத்தண்ணி வெளிய போகணும்லா? அதுக்கு வழி வேணும்."

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்.

பங்குனிக் கடைசியில் வளைகாப்புப் போட்டுத் தங்கையை அழைத்து வந்தோம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், நான் கொல்லையில் நிற்பேன். இரண்டு துண்டை உருவி ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன். காய்ந்த விறகு 'ணங்'கென்று சொல்லும். ஈர விறகு 'தொப்'பென்று கிடக்கும். வெட்டுவாயில் கீறல் விட்டிருக்கிறதா, பட்டை கழன்று வருகிறதா, முந்தாநாள் தூக்கினதைவிட இன்று லேசாக இருக்கிறதா? ஒரு நாள் 'ணங்' கேட்ட மாதிரி இருக்கும், மறுநாள் அதே துண்டு 'தொப்' என்னும். அடித்துண்டை மேலே போடுவேன், மேல் துண்டை அடியில் போடுவேன். விறகு வெட்டினவர் விட்டு வைத்த சந்தெல்லாம் என் கையால் அடைந்துபோனது. சித்திரை வெயிலில் முற்றத்தில் பரப்புவேன், மேகம் ஒன்று மலைமேல் தலை காட்டினால் அள்ளிக்கொண்டு ஓடுவேன். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

தங்கை நிலைப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிப்பாள்.

"யக்கா, வெறகு என்ன புள்ளையா? எடுத்து எடுத்துக் கொஞ்சுத. அது பாட்டுக்குக் காயட்டும், விடேன்."

"உனக்கென்னடி தெரியும்? போய் உட்காரு. நின்னா கால் வீங்கும்."

"உக்காந்தா எந்திரிங்குத, எந்திரிச்சா உக்காருங்குத" என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

என் வீட்டுக்காரர் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறவர் கொல்லையில் என்னைப் பார்த்ததும், "பதறாத காரியம் சிதறாது" என்பார். பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டு மதினியும் விறகு அடுக்கி வைத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில், தலையில் ஒரு ஓலைத் தட்டி மட்டும். வைகாசி பாதியில் மலை கறுத்து, முதல் சாரல் பொடிப்பொடியாக இறங்கினபோது அவள் விறகின் பக்கமெல்லாம் நனைந்து பளபளத்தது. அவளோ வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மதினி, வெறகுக்கும் குத்தாலக் குளியலா?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டேன்.

"குளிச்சா நல்லாத் துவட்டிக்கிடும்" என்றாள் அவள், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். இவளும் ஒரு குடித்தனக்காரியா என்று நினைத்தேன்.

என் விறகும் அன்று நனைந்துதான் போயிருந்தது. ஒரு பகல் காற்றுக்கு விட்டிருக்கலாம். எங்கே விட்டேன்? மறுநாள் விடிந்ததும் வடகரையிலிருந்து வந்த தேங்காய் வண்டியில் கிடுகு இறக்கி, நாலு பக்கமும் சுற்றினேன். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சுற்று. கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். சந்து தெரிந்த இடத்தில் சாக்கைத் திணித்தேன். ஒரு சொட்டு உள்ளே போகாது. ஒரு மூச்சுக் காற்றும் போகாது என்று எனக்கு உறைக்கவில்லை.

"கொஞ்சம் காத்துப் போக விடலாம்லா?" என்றார் இவர்.

"ஒங்களுக்கென்ன, நீங்களா அடுப்பு ஊதப் போறிய?" என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூடினபிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. வெயில் காலத்தில் சும்மா கிடக்கவேண்டியதைத் தினம் கிளறினேன், திறந்து பார்க்கவேண்டிய நாளில் கண்ணை மூடிக்கொண்டேன். அன்றாடச் சமையல் தென்னமட்டையிலும் சிரட்டையிலும் ஓடிற்று. புளியைத் தொடக் கூடாது, அது பேறுகாலத்துக்கு. காப்பாற்றி வைத்துவிட்டோம் என்று ஒரு பெரிய நிம்மதி. கை சும்மா இருக்குமா? அடுத்து அறைக்குப் போயிற்று. தங்கைக்கு என்று ஒதுக்கின அறைக்கு மேற்கே ஒரு சன்னல். சாரல் காற்று அதில்தான் ஊதும். பலகையைச் சாத்தி, இடுக்கில் துணியை அடைத்து, மேலே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டேன். ஊதக்காற்று நெஞ்சுக்கு ஆகாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?

ஆனி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலையில் பலகாரம் ஆன நேரத்தில் அவளுக்கு வலி கண்டது. இவர் பள்ளிக்கூடம் போகாமல் மருத்துவச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வெந்நி போட்டாச்சா?"

"இந்தா, அஞ்சு நிமிஷம்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். கயிற்றை அறுத்துக் கிடுகை இழுத்ததும் முகத்தில் ஒரு வெக்கை அடித்தது. ஈரமாக, புளித்த வாடையோடு. விறகெல்லாம் வெள்ளைப் பூசணம். அடி வரிசையில் காளான். குடை குடையாக, வரிசையாக. கையை வைத்தால் விறகு வழுக்கியது. இரண்டைத் தட்டினேன். சத்தமே வரவில்லை. அடிப்பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

இருந்தாலும் விட மனசு வரவில்லை. பார்க்க நன்றாக இருந்த நாலைந்தைத் தேர்ந்து முந்தானையில் துடைத்து அடுப்பில் வைத்தேன். சிரட்டையைப் போட்டுப் பற்றவைத்தேன். சிரட்டை எரிந்தது. விறகின் நுனியில் நுரை தள்ளிற்று, உஸ்ஸென்று சத்தம் போட்டது. மஞ்சள் நிறத்தில் புகை கிளம்பிற்று. ஊதினேன். ஊத ஊதப் புகை. கண்ணீரும் மூக்குத் தண்ணீரும் ஒழுக, வீம்புக்கு ஊதினேன். மூடி வைத்த வீட்டில் புகைக்குப் போக்கிடம் ஏது? அடுப்படியிலிருந்து நடைக்கு, நடையிலிருந்து அறைக்கு. ஊதுகுழலைக் கீழே வைத்த ஒரு நொடியில் அந்தச் சத்தம் கேட்டது. கீச். கீச். பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த சத்தம்.

உள்ளே ஓடினேன். தங்கை எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் பாயில் ஊன்றியிருந்தாள். வலி ஒரு பக்கம், இழுப்பு ஒரு பக்கம். கழுத்துக்குழி உள்வாங்கி உள்வாங்கி வந்தது. கண் என்னைத்தான் பார்த்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.  கம்பளியை எடுத்து அவள் தோளில் போர்த்தப் போனேன்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று மருத்துவச்சி என்னைப் பிடித்துத் தள்ளினாள். "புள்ள மூச்சுக்குத் தவிக்குது, போர்த்த வாரா! சன்னலத் தெறளா மொதல்ல!"

நான் திறப்பதற்குள் அவளே கம்பளியைப் பிடுங்கி எறிந்து, துணியை உருவி, பலகையைக் குத்தித் திறந்துவிட்டாள். சாரலோடு காற்று உள்ளே பாய்ந்தது. நான் அடுப்படிக்குப் போய் புகைகிற விறகை வெறுங்கையால் உருவி முற்றத்தில் வீசினேன். பிறகு வேலியைத் தாண்டினேன். வாசல் வழியாகச் சுற்றிப் போகப் பொறுமையில்லை, முள்ளில் சேலை கிழிந்தது.

"மதினி, வெறகு" என்றேன். 

அவள் எழுந்து தன் அடுக்கின் பக்கம் போனாள். அடுக்கின் வெளி வரிசையை ஒதுக்கிவிட்டு நடுவிலிருந்து உருவினாள். "மேலுக்குத்தான் ஈரம்" என்று அரிவாளால் ஒரு துண்டை இரண்டாகப் பிளந்து காட்டினாள். உள்ளே சுக்காகக் காய்ந்திருந்தது. ஒரு சுமையை அவள் எடுத்துக்கொண்டாள், ஒரு சுமையை நான். என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாம்பலை வாரிப் போட்டுவிட்டு அவளே பற்றவைத்தாள். புகையே இல்லாமல் பானை கொதித்தது.

மதியம் திரும்புகிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இழுப்பு அதற்குள் தணிந்திருந்தது. குழந்தையைத் துடைத்து என் கையில் கொடுத்தபோது நான் அழுத அழுகையை இவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, என்னமோ ஏதோ என்று பதறிப்போனார். குழந்தை கருவிழியை உருட்டி உருட்டிப் பார்த்தது. இனி மூன்று மாதம் இது என் வீட்டில் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு என் வீட்டில் புகை கிடையாது. மதினியின் விறகுதான் எரிந்தது. என் புளியைப் பிரித்துக் காற்றில் பரப்பியாயிற்று, அது பிறகு புரட்டாசியில் எரிந்தது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மருத்துவச்சி குளிப்பாட்டிவிட்டுப் படியிறங்குவாள், நான் சன்னலைச் சாத்துவேன். "யக்கா, கொஞ்சம் தெறந்து வையேன்" என்பாள் தங்கை. "பச்ச உடம்புடி. புள்ளைக்குச் சளி புடிக்கும்" என்பேன். குழந்தைக்குத் துணிமேல் துணி. அது கையை வெளியே நீட்டினால் நான் உள்ளே வைப்பேன். அவள் பால் கொடுத்து முடித்ததும் வாங்கி என் மடியில் போட்டுக்கொள்வேன். அவள் கையை நீட்டினால், "நீ தூங்கு, நான் வச்சுக்கிடுதேன்" என்பேன். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். உடம்பு அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் தொட்டிலிட வடகரையிலிருந்து எல்லாரும் வந்தார்கள். சர்க்கரை வழங்கி, பெயர் சொல்லி, கூட்டம் கொஞ்சம் ஒதுங்கினதும் மாமியார் அறைக்குள் வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ளதச் சொல்லுளா. இங்கன உனக்கு மூச்சு முட்டுச்சா?"

நான் குழந்தையோடு கதவோரம் நின்றேன். எனக்குப் பயமே இல்லை. புகைந்தது ஒரே ஒரு நாள். மருத்துவச்சி வாய் திறக்க மாட்டாள், மதினி சொல்ல மாட்டாள். தங்கை என்னை விட்டுக்கொடுப்பாளா? சின்ன வயசில் நான் உடைத்த சட்டியைத் தான் உடைத்ததாகச் சொல்லி அப்பாவிடம் அடி வாங்கினவள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆமா அத்தை. முட்டுச்சு" என்றாள்.

 "நாளைக் காலம்பற வண்டி வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமியார் எழுந்து போனாள்.

எல்லாரும் போனபிறகு நான் தங்கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, நன்றி கெட்டவளே! ஒரு நா புகைஞ்சது. ஒரே ஒரு நா. அதுக்கா என்னைக் காட்டிக்குடுத்த? உனக்காக நாலு மாசம் அந்த வெறகோட கெடந்து செத்தேனே!"

"வெறக நான் சொல்லல யக்கா" என்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "புகை அன்னைக்கே போயிட்டு. நீதான் போக மாட்டேங்குத. சன்னலச் சாத்துத, என்னப் போர்த்துத, எம் புள்ளைய எங்கிட்ட தர மாட்டேங்குத. நாலு வயசுல எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. இப்போ முடியல."

எனக்குச் சண்டை போட வாய் வந்தது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கூண்டு வண்டி வந்து நின்றது. வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, மாமியார் முதலில் ஏறிக்கொண்டாள். தங்கை ஏறினாள். குழந்தையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அவள் வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது, காற்று நேரே வண்டியின் பின்வாயில் அடித்தது. அங்கே ஒரு சாக்குத் திரை சுருட்டிக் கட்டியிருந்தது. என் கை அது பாட்டுக்கு மேலே போய்த் திரையின் முடிச்சை அவிழ்த்துக் கீழே இறக்கியது. பாதி இறக்கின பிறகுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன்.  நான் இறக்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள், எப்போதும் போல.

திரையைத் திரும்பச் சுருட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை போட்டேன், நின்றது. குழந்தை முகத்தில் நாலு சாரல் பொட்டு விழுந்தது. அது கண்ணைச் சுருக்கி, வாயைத் திறந்து, பெரிதாக ஒரு மூச்சை இழுத்தது. தங்கை சிரித்தாள்.

"போயிட்டு வாரேன் யக்கா."

"போயிட்டு வாட்டி" என்றேன். வண்டி இலஞ்சி ரோட்டில் திரும்புகிறவரை அந்தத் திரை மேலேதான் இருந்தது.